இடைவேளைக்குப் பிறகு வருகிறவள்

பிரிக்பீல்ட்ஸ்
14 ஜூலை 2025

அன்புள்ள குமுதா அக்கா,

நேற்று ஒத்திகையின் நடுவில் நீங்கள் கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனபிறகு, மற்றவர்களை வைத்து வெள்ளப் பாட்டையே திரும்பத் திரும்பப் பாட வைத்தேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. விமலன் மட்டும், மேடை நிர்வாகி என்ற உரிமையில் அருகில் வந்து, "அக்கா கோவிச்சுக்கிட்டாங்க லா. ஒரு போன் அடிங்க," என்றார். அடித்தேன். நீங்கள் எடுக்கவில்லை.

வாட்ஸ்அப்பில் எழுதினால் நீங்கள் குரல் பதிவாகப் பதில் அனுப்புவீர்கள். அதைக் கேட்டு நானும் ஒன்று அனுப்புவேன். இரண்டு பேரும் பிறகு வருத்தப்படுவோம். அதனால்தான் மின்னஞ்சல்.

நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான். 'நீர் ஏறும் வீடு' இடைவேளை இல்லாமல் நடக்கும். மொத்தம் ஒன்றே முக்கால் மணி நேரம். அதைக் கேட்டதும் "அப்ப நான் இல்ல" என்றீர்கள். காரணம் சொல்லவில்லை.

என் காரணத்தைச் சொல்கிறேன். ஒரு வீட்டின் மாடியில் அக்கம்பக்கத்து ஜனங்கள் அடைந்திருக்கிறார்கள், கீழே தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது, படகு வரவில்லை. இந்தக் கதையின் நடுவில் விளக்கைப் போட்டு, 'வடை சாப்பிட்டுவிட்டு வாருங்கள்' என்று எப்படிச் சொல்வது? தண்ணீர் இடைவேளை விடுமா? தேநீர் குடித்துவிட்டு வருகிறவன் பயத்தை வாசலிலேயே விட்டுவிட்டு வருவான். மறுபடி அவனைப் பயமுறுத்த எனக்கு இருபது நிமிடம் ஆகும். அதற்குள் நாடகம் முடிந்துவிடும்.

நீங்கள்தான் பவுனம்மாள். அந்த வீட்டுக்காரி மேடையை விட்டு ஒரு நொடியும் இறங்குவதில்லை. உங்களுக்கு அது சுமை என்றால் சொல்லுங்கள், இரண்டு பாட்டைக் குழுவுக்கு மாற்றுகிறேன். ஆகஸ்ட் இருபத்து மூன்றும் இருபத்து நான்கும் மண்டபம் உறுதியாகிவிட்டது.

ஜெயராஜ் அண்ணன் நலமா?

புனிதா

*

கிள்ளான்
16 ஜூலை 2025

புனிதா,

கிளினிக்கில் பல் வலிக்காரர்கள் குறைந்த நேரம் பார்த்து எழுதுகிறேன். நடுவில் விட்டுப்போனால் யாரோ வந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்.

சுமை என்று நான் சொன்னேனா? ஒன்றே முக்கால் மணி நேரம் நிற்கமாட்டேன் என்றா நினைக்கிறாய்? காலையிலிருந்து மாலைவரை இந்தக் கவுண்டரில் நிற்கிறேன்.

உன் நாடகத்துக்கு யார் வருகிறார்கள் என்று யோசித்தாயா? உன் கல்லூரி மாணவர்கள் ஒரு வரிசை. மீதி எல்லாம் என்னைப் போல, எனக்கு மேல். பாதிப் பேருக்குச் சர்க்கரை. பெண்கள் சேலை கட்டிக்கொண்டு பந்திங்கிலிருந்தும் டெங்கிலிலிருந்தும் ஒரு மணி நேரம் காரில் உட்கார்ந்து வருவார்கள். நீ கதவைச் சாத்தினால் முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு அவர்கள் பவுனம்மாளைப் பார்க்கமாட்டார்கள், வெளியே போகும் வழியைத்தான் பார்ப்பார்கள். பாதிப் பாட்டில் ஒருத்தி முழங்கால்களைத் தாண்டித் தாண்டி வெளியேறும்போது மேடையில் நிற்பவளுக்கு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. நீ விளக்கு அறைக்குள் இருப்பாய்.

இன்னொன்று. ஜனங்கள் நாடகத்தைப் பற்றிப் பேசுவது இடைவேளையில்தான். முடிந்தபிறகு கார் எங்கே நிறுத்தினோம் என்றுதான் பேசுவார்கள். அந்தப் பேச்சையும் நீ பிடுங்குகிறாய்.

ஆனால் இதெல்லாம் உனக்குத் தெரியாததில்லை. பதினேழு வருடமாக நாடகம் போடுகிறவள் நீ. உண்மையான காரணத்தை எழுது.

அண்ணன் நலம். லோரி ஓட்டுவதை விட்டுவிட்டார். வீட்டில் இருந்து என் சமையலைக் குறை சொல்கிறார்.

குமுதா

*

பிரிக்பீல்ட்ஸ்
21 ஜூலை 2025

அன்புள்ள அக்கா,

உண்மையான காரணம் என்று நீங்கள் கேட்டதை நான்கு நாள் சுமந்துகொண்டு திரிந்தேன். வகுப்பில் பாடம் நடத்தும்போதும் அதுதான்.

ஒரு காரணம் டத்தோ. மண்டப வாடகையை ஏற்றுக்கொண்டிருக்கும் நிறுவனம் அவருடையது. போன வாரம் அவருடைய செயலாளர் பேசினார். "மேடம், இன்டர்வல்ல ஒரு பத்து நிமிஷம் போதும். டத்தோ ரெண்டு வார்த்த பேசுவாரு, ஆர்டிஸ்டுக்கெல்லாம் பொன்னாட போடுவாரு, அவ்ளோதான் லா." பத்து நிமிடம் என்றால் என்ன என்று நம் இருவருக்கும் தெரியும். வரவேற்புரை, மாலை, புகைப்படம், பெயர் விட்டுப்போனவர்களுக்கு மன்னிப்பு, மறுபடி மாலை. முக்கால் மணி நேரம் ஆகும். பிறகு பாதிச் சபை, மழை வருகிறது என்று கிளம்பிவிடும். இடைவேளையே இல்லை என்று சொன்னேன். "அப்போ லாஸ்ட்ல வச்சிக்கலாம்" என்று போனை வைத்துவிட்டார்.

இன்னொரு காரணம் 2014. எழுதாமல் இருக்கலாம் என்று பார்த்தேன், நீங்கள் விடவில்லை.

கிள்ளான் மண்டபத்தில் அன்றைக்கும் இடைவேளைதான். நீங்கள் புருஷனை விட்டுப் பெட்டியோடு வெளியேறும் பெண்ணாக நடித்தீர்கள். முதல் பாதி முடிந்ததும் ஏற்பாட்டுக் குழுவினர், கதாநாயகியும் கணவரும் மேடைக்கு வரவேண்டும் என்று மைக்கில் அழைத்தார்கள். ஜெயராஜ் அண்ணன் வந்தார். பொன்னாடையைப் போட்டுவிட்டு அறிவிப்பாளர் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "அண்ணே, வீட்லயும் அக்கா இப்படித்தான் பெட்டியத் தூக்குவாங்களா?" சபை சிரித்தது. அண்ணனும் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் ஒப்பனை அறைக்கு வந்து உங்களை அழைத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டாம் பாதியில் நான் கையில் பிரதியை வைத்துக்கொண்டு உங்கள் வசனத்தை வாசித்தேன். பாட்டுகளை வாத்தியத்தில் மட்டும் வாசித்தார்கள். யாரும் கைதட்டவில்லை, இருமினார்கள்.

நாடகத்தின் நடுவில் ஒரு கதவைத் திறந்து வைத்தால் யார் உள்ளே வருவார்கள், யார் வெளியே போவார்கள் என்று நமக்குத் தெரியாது. நான் அந்தக் கதவை வைக்க விரும்பவில்லை. அவ்வளவுதான்.

புனிதா

*

கிள்ளான்
23 ஜூலை 2025

புனிதா,

ஆக, இடைவேளை விட்டால் குமுதா ஓடிவிடுவாள். அதுதானே? தண்ணீர், பயம், டத்தோ என்று எவ்வளவு சுற்றி வந்தாய்.

பதினொரு வருடமாக நீ ஒன்றை நம்பிக்கொண்டிருக்கிறாய். அவர் வந்தார், கையைப் பிடித்தார், நான் போனேன் என்று. அவர் வந்தார், அது சரி. அறைக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "நீ முடிச்சிட்டு வா, நான் கார்ல இருக்கேன்," என்றுதான் சொன்னார். நான்தான் "இல்ல, போலாம்" என்றேன்.

ஏன் தெரியுமா? அந்தச் சிரிப்புக்குப் பிறகு நான் மேடையில் பெட்டியைத் தூக்கினால் சபை என்னைப் பார்க்காது, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் அவரைத் திரும்பிப் பார்க்கும். மறுபடி சிரிக்கும். அந்தப் பெண் அழ வேண்டிய இடத்தில் என் புருஷனை வைத்து ஊர் சிரிக்கும். நீயாக இருந்தால் தூக்கியிருப்பாயா?

நீ கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை. பாவம் அக்கா, அப்படிப்பட்ட புருஷன் என்று வெளியே சொல்லிக்கொண்டிருந்தாய். எனக்கும் சொன்னார்கள்.

இப்போது எனக்கு இடைவேளை வேண்டும். கழிப்பறைக்காக இல்லை, தண்ணீர் குடிக்க இல்லை. சாத்திய கதவுக்குள் பாடினால் நான் நின்றேனா, என்னை நிறுத்தி வைத்தார்களா என்று எனக்கே தெரியாது. கதவு திறந்திருக்கும்போது வெளியே போய், நானாகத் திரும்பி வரவேண்டும். அது எனக்குப் பாக்கி இருக்கிறது.

தண்ணீர் இடைவேளை விடுமா என்று கேட்டாயே. விட்டது. 2021 டிசம்பரில் எங்கள் வீட்டு மாடியில் இருந்தது நான், நீ இல்லை. போனில் உனக்கு எல்லாம் சொன்னேன், நீ குறித்துக்கொண்டாய், இதை மட்டும் எழுதவில்லை. தண்ணீர் படிக்கட்டின் பாதியில் வந்து நின்றது. ரொம்ப நேரம் நின்றது. யாரோ மேலே தூக்கி வந்திருந்த அடுப்பில் மைலோ கலக்கினோம். பக்கத்து வீட்டு மலாய்க்கார மாக்சிக் பிஸ்கட் டின்னைத் திறந்தார். ரெங்கசாமி மாமா சன்னல் வழியாகத் தன் கார் மிதந்து போவதைப் பார்த்து, "நான் ஓட்டுறப்ப கூட இவ்ளோ ஸ்மூத்தா போனதில்ல லா," என்றார். வயிறு வலிக்கச் சிரித்தோம். அன்றைக்கு வெள்ளம் முடிந்துவிட்டது என்று நினைத்தோம்.

பிறகு மாக்சிக் கீழே பார்த்தார். ஒரு படியைக் காணோம். எப்போது போனது என்று யாருக்கும் தெரியாது. சிரித்துக்கொண்டிருந்தபோது போயிருக்கிறது.

எனக்கு உயிர் போனது தண்ணீர் ஏறும்போது இல்லை, புனிதா. அப்போதுதான்.

இடைவேளை இருந்தால் வருகிறேன். இல்லையென்றால் வேறு ஆளைப் பார்.

குமுதா

*

பிரிக்பீல்ட்ஸ்
29 ஜூலை 2025

அக்கா,

உங்கள் கடிதத்தைப் படித்தேன். அண்ணனைப் பற்றி நான் சொல்லித் திரிந்தது உண்மைதான். வருந்துகிறேன். அதற்கு மேல் அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுத எனக்கு வரவில்லை.

ஆனால் நாடகம் வேறு. இருபத்திரண்டு பேர் வேலை முடிந்து, ஜாமில் ஊர்ந்து ஒத்திகைக்கு வருகிறார்கள். நீங்கள் இரண்டு ஞாயிறு வரவில்லை. உங்களுடைய ஒரு மனக்கணக்கைத் தீர்த்துக்கொள்ள என் நாடகத்தை நடுவில் பிளக்கச் சொல்கிறீர்கள். அது நியாயமா என்று நீங்களும் யோசியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஷாமினியை பவுனம்மாளாக நிற்க வைத்துப் பார்த்தேன். அம்பாங்கிலிருந்து வருகிற பெண், குழுவில் பாடுகிறவள். இருபத்தாறு வயதுதான். தலையில் நரை பூசினால் தெரியாது. சுருதி சுத்தமாக இருக்கிறது. ஒன்றே முக்கால் மணி நேரமும் மூச்சு வாங்காமல் பாடிவிட்டாள்.

வேறு யாரோ சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டாம் என்று எழுதுகிறேன்.

புனிதா

*

கிள்ளான்
1 ஆகஸ்ட் 2025

புனிதா,

நல்லது. பாடட்டும். மூன்றாவது பாட்டில் மேலே போகும் இடத்தில் அந்தப் பெண் தாடையைத் தூக்குவாள், நான் பார்த்திருக்கிறேன். தூக்க வேண்டாம் என்று சொல். தொண்டை கட்டிக்கொள்ளும்.

மூச்சு வாங்காமல் பாடினாள் என்று எழுதியிருக்கிறாய். பவுனம்மாளுக்கு மூச்சு வாங்க வேண்டாமா?

குமுதா

*

பிரிக்பீல்ட்ஸ்
6 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்கா,

மூச்சைப் பற்றி நீங்கள் எழுதிய வரி என் நாடகத்தைக் கெடுத்துவிட்டது.

ஷாமினி நன்றாகத்தான் பாடுகிறாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒன்றே முக்கால் மணி நேரமும் ஒரே பயம். அரைமணிக்குப் பிறகு அந்தப் பயம் எனக்கே பழகிவிட்டது. இந்த ஞாயிறு உட்கார்ந்து பார்த்தபோது, என் பின்னால் இருந்த இசைக்குழுப் பையன்கள் போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மேல் கோபம் வரவில்லை. எனக்கே போனை எடுக்கத் தோன்றியது.

அதனால் மைலோவை எழுதினேன். மூன்று நாள் பிடித்தது. தண்ணீர் நிற்கிறது, அடுப்பு, பிஸ்கட் டின், ரெங்கசாமி மாமாவின் கார். அவர் பெயரை மாற்றவில்லை, கேட்டுச் சொல்லுங்கள். ஒரு சிரிப்புப் பாட்டு. எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே சபையின் விளக்கு எரியும். இடைவேளை என்று யாரும் அறிவிக்கமாட்டார்கள். ஜனங்களும் சிரித்துக்கொண்டே வெளியே போகட்டும், தேநீர் குடிக்கட்டும், வரிசையில் நிற்கட்டும். அந்த நேரத்தில் விமலன் மேடையில் நீலத் துணியை ஒரு படி மேலே ஏற்றிவிடுவார். திரும்பி வந்து உட்காரும்போது படி இருக்காது. மேடையில் யாரும் அதைச் சொல்லமாட்டார்கள். அவர்களே பார்க்கட்டும்.

தண்ணீர் ஏறுவது இப்போது இடைவேளையில்தான் நடக்கிறது. அது இல்லாமல் இனி இந்த நாடகத்தைப் போட முடியாது. நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும்.

டத்தோவிடம் நேரில் போய்ப் பேசினேன். மேடையில் தண்ணீர் இருக்கும், யாரும் ஏற முடியாது என்றேன். "அப்ப வாசல்ல ஒரு பேனர் போட்டுக்கிறேன்மா," என்றார். பொன்னாடை கிடையாது.

வருகிறீர்களா? பவுனம்மாளை ஷாமினியிடம் இன்னும் முழுதாகக் கொடுக்கவில்லை.

புனிதா

*

கிள்ளான்
8 ஆகஸ்ட் 2025

புனிதா,

சிரிப்புப் பாட்டைப் பாடிப் பார்த்தேன். நடுவில் ஒரு வரி நீளம். மைலோ டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு அவ்வளவு நீளமாகப் பாட முடியாது, ஊற்றிவிடும். வெட்டு.

ரெங்கசாமி மாமாவுக்குச் சந்தோஷம். கார் எந்தக் கம்பெனி என்பதையும் சொல்லச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன்.

ஞாயிறு வருகிறேன். ஷாமினி முகத்தை எப்படிப் பார்ப்பது என்றுதான் கூச்சமாக இருக்கிறது. அவளிடம் நீயே முதலில் பேசிவிடு.

ஜெயராஜ் இரண்டு நாளும் வருவார். டிக்கெட் அவரே வாங்கிவிட்டார், என்னிடம் கூடச் சொல்லவில்லை. கடைசி வரிசை. "பின்னால உக்காந்தாதான் சத்தம் சரியா இருக்கான்னு தெரியும்," என்கிறார். உன்னைப் பார்த்தால் பேசுவார், நீயும் பேசு.

குமுதா

*

கிள்ளான்
24 ஆகஸ்ட் 2025, காலை

புனிதா,

நேற்று முடிந்ததும் உன்னைப் பார்க்காமல் வந்துவிட்டேன். நீ தேடியிருப்பாய். பூங்கொத்தை விமலன் காரில் வைத்தார். என் போனை நான் பார்க்கவில்லை.

சிரிப்புப் பாட்டு முடிந்து விளக்கு எரிந்ததும் நான் மேடையின் பக்கவாட்டில் இறங்கினேன். அங்கே திரைக்குப் பின்னால் ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். என் சேலை. என் நரை. என்னைப் போலவே சேலை விளிம்பை ஈரமாக்கியிருந்தாள். ஒரு கணம் எனக்கு நான் யார் என்று தெரியவில்லை. ஷாமினி எழுந்து நின்றாள், அழுதுவிடுவாள் போல இருந்தது. "யாரு கட்டச் சொன்னது?" என்று கேட்டேன். "டைரக்டர்தான்க்கா. சும்மா ஸ்டான்ட்பை மட்டும்," என்றாள். அந்தப் பிள்ளை மேல் குற்றமில்லை.

தாண்டி நடைபாதைக்குப் போனால் அங்கே விமலன் கதவை அடைத்துக்கொண்டு நிற்கிறார். வெளியே ஜெயராஜ். "சாரி பாஸ், உள்ள விடக்கூடாதுன்னு ஆர்டர். அதுவும் உங்களத்தான் ஸ்பெஷலா சொன்னாங்க, என்ன செய்யிறது லா," என்கிறார் விமலன். பக்கத்தில் பெண்கள் கழிப்பறைக்கு வரிசை, சுவரோரம் முழுக்க ஆள். அதிலிருந்து ஒரு அம்மா, பக்கத்தில் இருப்பவளிடம் சொல்வது போல எல்லாருக்கும் கேட்கச் சொல்கிறாள்: "இவரு அன்னைக்கு பாதியில கூட்டிட்டுப் போனாரே, அந்தாளு தானே?"

வரிசை முழுக்க அவரைத் திரும்பிப் பார்த்தது.

எதற்காக அன்றைக்கு நான் பாட்டை விட்டுவிட்டுப் போனேனோ, அதே பார்வை, புனிதா. அன்றைக்கு மைக் பிடித்தவன் யாரோ. நேற்று நீ ஏற்பாடு செய்தாய். நான் உனக்கு எல்லாவற்றையும் எழுதினபிறகு செய்தாய்.

அவர் எதற்கு வந்தார் தெரியுமா? பாட்டு வார்த்தை கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை, வாத்தியம் அமுக்குகிறது என்று சொல்ல. அதைச் சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார்.

நான் திரும்பி வந்தேன். மணி அடித்தபோது என் இடத்தில் நின்றேன், பாடினேன். நீ பார்த்திருப்பாய். ஆனால் நான் திரும்பி வந்ததை நீ பார்த்தாயா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. நீ ஷாமினி உட்கார்ந்திருந்த நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பாய்.

அவர் காரை ஃபெடரல் ஹைவேயில் ஏற்றினார். பிறகு, "ரெண்டாவது பாதியிலயும் வார்த்த கேக்கல," என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்குத்தான் அழுகை வந்தது.

இன்றைக்கு நான் வரமாட்டேன். ஷாமினி தயாராகத்தானே இருக்கிறாள். இடைவேளை விட்டுவிட்டு, யாரும் திரும்பமாட்டார்கள் என்று ஆளை ஏற்பாடு செய்கிறவளோடு எனக்கு வேலை இல்லை.

குமுதா

*

பிரிக்பீல்ட்ஸ்
24 ஆகஸ்ட் 2025, பகல்

அக்கா,

உங்கள் கடிதம் வந்தபோது நான் மண்டபத்தில் இருந்தேன். படித்துவிட்டு முதலில் பதில் தயார் செய்தேன். ஆயிரத்தில் ஒரு வாய்ப்பாக உங்களுக்கு உடம்புக்கு முடியாமல் போனால், எல்லா நாடகத்திலும் மாற்று ஆள் உண்டு, இப்படியெல்லாம். எழுதி அழித்துவிட்டேன். உடம்புக்காகத்தான் என்றால் முதல் காட்சியிலிருந்தே அவளைச் சேலையில் உட்கார வைத்திருக்க வேண்டும். நான் இடைவேளைக்கு மட்டும்தான் கட்டச் சொன்னேன்.

நீங்கள் சந்தேகப்பட்டது சரி. நான் பார்க்கவில்லை. விளக்கு அறையிலிருந்து சபை திரும்பி வருவதைப் பார்த்தேன். வடையை மென்றுகொண்டு, பேசிக்கொண்டு வந்தார்கள், ஏறக்குறைய எல்லாரும் வந்தார்கள். முன் வரிசையில் ஒரு பெரியவர் உட்காரப் போனவர், பாதியில் நின்று, "ஏய், ஒரு படியக் காணோம்," என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள். அந்தப் பேச்சு வரிசை வரிசையாகப் பின்னால் போனது. மேடையில் யாரும் இல்லை, இசை இல்லை, சபை தானாக அடங்கியது. இத்தனை வருடத்தில் எனக்கு அப்படி ஒரு நிசப்தம் கிடைத்ததில்லை. அதைக் கூட நான் அனுபவிக்கவில்லை. பக்கவாட்டுத் திரையின் நிழலில் எத்தனை சேலை தெரிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கு வந்தபோது நிற்பது நீங்களா அவளா என்று முதல் வரி பாடும்வரை எனக்குத் தெரியாது.

நீங்கள் வந்தது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. சந்தோஷமாக இல்லை. இப்போது இதை எழுதும்போது அந்த வித்தியாசம் தெரிகிறது.

சபை திரும்பி வரும் என்று நம்பி இடைவேளை விட்டேன், முன்பின் தெரியாத ஜனங்களை நம்பினேன். உங்களை நம்பவில்லை. கதவில் ஆளையும், நாற்காலியில் இன்னொருத்தியையும் வைத்தேன். அண்ணனிடம் நான் நேரில் பேச வேண்டும், கடிதத்தில் இல்லை.

இப்போது செய்திருப்பதைச் சொல்கிறேன். விமலனிடம் கதவில் யாரும் நிற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "அப்ப யார் வேணா உள்ள வரலாமா?" என்றார். வரலாம் என்றேன். ஷாமினி தன் குழு இடத்தில் பாடுவாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "அக்கா வராட்டி நான் கட்டமாட்டேன்," என்று நான் சொல்வதற்கு முன்பே சொல்லிவிட்டாள்.

ஆகவே பவுனம்மாளுக்கு இன்று மாற்று ஆள் இல்லை. ஏழரைக்கு நீங்கள் வராவிட்டால் நானே மேடையேறி இன்று நாடகம் இல்லை என்று சொல்லுவேன். முதல் பாதி முடிந்து வெளியே போய் நீங்கள் திரும்பாவிட்டால், அதையும் நானே சொல்லுவேன். ஷாமினியையோ வேறு யாரையோ அனுப்பமாட்டேன். உங்களை மிரட்ட எழுதவில்லை. நேற்று நான் செய்திருக்க வேண்டியது இது.

புனிதா

*

கிள்ளான்
24 ஆகஸ்ட் 2025, மாலை

புனிதா,

ஜெயராஜ் சட்டை போட்டுவிட்டு வாசலில் நிற்கிறார். நான் அவரிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டவில்லை. வரவில்லை என்று காலையிலேயே சொல்லிவிட்டேன். அதற்கு அவர், "டிக்கெட் வாங்கியாச்சு, நான் போறேன். நீ இல்லாட்டி அந்தப் பிள்ளையோட பாட்டாவது கேக்குதான்னு பாக்குறேன்," என்றார். கோபத்தில் சொல்கிறாரா விளையாட்டாகச் சொல்கிறாரா என்று கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

அதோடு எழுதுவதை நிறுத்திவிட்டு நானும் அவரோடு கிளம்பிவிட்டேன். மீதியை வழியில் இருந்து எழுதுகிறேன். சுபாங் பக்கம் ஜாம். நேரத்துக்கு வந்துவிடுவேன்.

இசைக்குழுவின் ஒலிபெருக்கிகளைப் பின்னால் இழுத்து வைக்கச் சொல். முதல் பாட்டை அவரோடு நீயும் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேள். அவர் பேசமாட்டார், நீதான் பேச வேண்டும்.

இடைவேளையில் நான் வெளியே போவேன். சாலைவரை போவேன். நேரம் ஆகலாம். யாரையும் தேட அனுப்பாதே, போன் அடிக்காதே. மணியை அடித்துவிட்டு மேடையைப் பார்த்துக்கொண்டு இரு.

குமுதா